குழந்தை பிறந்த பிறகு மீண்டும் பள்ளிக்கு: இளம் தாய்க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதின்ம வயதில் தாயான பெண்ணிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உனக்குப் படிக்க மனசிருக்கா?" மனசு பெரும்பாலும் இருக்கிறது. இல்லாதது நேரம். காலையிலிருந்து பள்ளி விடும்வரை குழந்தை யார் கையில் இருக்கும்? அந்த ஆள் வராத நாளில் யார்? மார்பில் பால் கட்டிக்கொண்டால் எந்த அறைக்குப் போவாய்? விட்டுப்போன கணக்குப் பாடத்தை யார் சொல்லித் தருவார்கள்? படிப்பு தொடர்வதும் நிற்பதும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அதனால் இங்கே ஊக்கப் பேச்சு கிடையாது. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சில படிகளை நீ ஏற்கெனவே தாண்டியிருக்கலாம். அவற்றைத் தள்ளிவிட்டு மேலே படி.

படி 1: பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க விடாதே

கர்ப்பம் வெளியே தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு மாற்றுச் சான்றிதழ் பற்றியது. "இப்போதைக்கு வாங்கிவிடுவோம், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். வாங்கிவிட்டால், திரும்பிப் போகும்போது அது புதிய சேர்க்கை. இடம் இருக்கிறதா, வயது சரியா, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று எல்லாம் முதலிலிருந்து வரும். மருத்துவ விடுப்பில் இருக்கும் மாணவிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எனவே தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. உடல்நிலை காரணமாக இந்தத் தேதியிலிருந்து விடுப்பு வேண்டும், உத்தேசமாக இந்த மாதத்தில் திரும்புவேன், அதுவரை பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கவும், தேர்வுப் பதிவுக்கான தேதிகளை இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்: இவ்வளவு போதும். மருத்துவரின் சான்றை இணைத்துவிடு. கடிதத்தின் நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். வாய்வார்த்தையாகச் சொன்ன விடுப்பு, தலைமை ஆசிரியர் மாறிய மறுநாள் காணாமல் போய்விடும்.

பள்ளி மறுத்தால், உன் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு சட்ட உதவி மையத்திலோ பெண்கள் அமைப்பிலோ கேட்டுப் பார். நீ சலுகை கேட்டு நிற்பதாக நினைக்காதே. ஐ.நா. சபை 1979ல் ஏற்ற பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை, படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கான திட்டங்களை அரசுகள் நடத்த வேண்டும் என்கிறது. 1990ன் ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாசனம், படிப்பு முடியுமுன் கர்ப்பமான சிறுமிக்குத் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்காவில் 1972ன் 'டைட்டில் நைன்' சட்டத்தின் கீழ், பிரசவ விடுப்பு முடிந்து வரும் மாணவியை அவள் விட்ட இடத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். கென்யா 1994லும் ஜாம்பியா 1997லும் திரும்பி வரும் தாய்களுக்கெனக் கொள்கை வகுத்தன. எதிர்த்திசையில் போன நாடுகளும் மனம் மாறியிருக்கின்றன: சியரா லியோன் 2015ல் கர்ப்பிணி மாணவிகளைப் பள்ளிக்கு வரக் கூடாது என்று தடுத்தது, மேற்கு ஆப்பிரிக்க வட்டார நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது தவறென்று தீர்ப்பளித்தது, 2020 மார்ச்சில் தடை நீங்கியது. தான்சானியாவில் இப்படியொரு தடை 2021 நவம்பரில்தான் விலகியது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள். 18 வயதுக்குக் கீழ் கர்ப்பம் என்றால் மருத்துவமனையோ பள்ளியோ அதைக் காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அலுவலருக்கோ தெரிவித்தாக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. வழக்கு நடந்தாலும் உன் படிப்புரிமை போகாது. நடந்தது உன் விருப்பமில்லாமல் நடந்திருந்தால், அல்லது அந்த ஆள் இன்னும் உன்னைச் சுற்றி வந்தால், பள்ளிக்குத் திரும்புவதைவிட அவசரமானது உன் பாதுகாப்பு. நம்பிக்கையான ஒரு ஆசிரியையிடமோ செவிலியரிடமோ குழந்தைகள் உதவி எண்ணிலோ அதை முதலில் சொல்.

படி 2: உடம்பு ஆற வேண்டியது ஆறட்டும்

பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறச் சுமார் 6 வாரம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. உதிரப்போக்கும் பலருக்கு அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். சிசேரியன் என்றால் அந்த 6 வாரமும் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே. புத்தகப் பையும் அந்தக் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம், பிரசவமான முதல் நாள், 2 அல்லது 3ஆம் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம் என்று நான்கு முறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்கிறது. 6ஆம் வாரப் பார்வையைத் தவறவிடாதே. பள்ளிக்குப் போகலாம் என்ற சான்று, ரத்தசோகைப் பரிசோதனை, கருத்தடை ஆலோசனை மூன்றையும் அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்.

ரத்தசோகையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. உன் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதற்குள் இன்னோர் உடம்பை வளர்த்துக் கொடுத்திருக்கிறது. வகுப்பில் எழுத்து மங்குவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, படித்தது தலையில் நிற்காதது எல்லாவற்றையும் "பிள்ளை பெற்றவளுக்குப் படிப்பு ஏறாது" என்று முடித்துவிடுவார்கள். பாதி நேரம் காரணம் இரும்புச்சத்துக் குறைவும் தூக்கமின்மையும்தான். பிரசவத்துக்குப் பிறகும் 6 முதல் 12 வாரம் வரை இரும்புச்சத்து மாத்திரை தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவும் வேண்டும். காலையில் சாப்பிடாமல் ஓடும் பழக்கம் உனக்கு இனி ஆகாது.

ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுதும் நனைவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்துடன் போக்கு, கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று வந்தாலும், தேர்வு நாளாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போ.

படி 3: எந்த மாதத்தில் திரும்புவது

உன் உடம்புக்கு 6 வாரம் என்ற கணக்கு சரி. ஆனால் குழந்தை அதிகமாக அழும் காலமும் ஏறக்குறைய அதே 6ஆம் வாரம்தான். பால் சுரப்பும் அப்போதுதான் நிலைக்கு வந்துகொண்டிருக்கும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். 6 வாரம் முடிந்த மறுநாளே வகுப்பில் உட்காரச் சொல்வது, எல்லாம் மோசமாக இருக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான்.

என்னைக் கேட்டால், முடிந்தவர்களுக்கு 3ஆம் மாதத்துக்கும் 7ஆம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலம் நல்லது. அழுகை தணிந்திருக்கும், குடிக்கும் நேரம் ஓரளவு பிடிபட்டிருக்கும். சுமார் 8 மாதத்துக்குப் பின் குழந்தைக்கு அம்மாவைப் பிரியும் பயம் வரத் தொடங்கும்; அப்போதுதான் முதன்முதலாக இன்னொருவர் கையில் கொடுத்தால் வாசலில் அழுகை நிச்சயம். அதற்காகத் திரும்பாமல் இருக்க வேண்டாம். பழக்கக் கூடுதல் நாள் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

பொதுத்தேர்வு எழுதும் வருடமாக இருந்தால் கணக்கு வேறு. வகுப்புக்கு வராமல் தேர்வை மட்டும் எழுத முடியுமா என்று கேள். தேர்வு அறைக்கு வெளியே குழந்தையோடு ஒருவர் இருக்கலாமா, இடையில் பால் கொடுக்கவோ பீய்ச்சவோ நேரம் தருவார்களா என்பதைத் தேர்வுக்கு மாதங்கள் முன்பே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். அன்று காலை வாசலில் நின்று கேட்டால் கண்காணிப்பாளருக்கு நல்ல மனசு இருந்தாலும் அதிகாரம் இருக்காது.

படி 4: குழந்தையை யார் பார்ப்பது

முழு வழிகாட்டியும் இந்தப் படியின் மேல்தான் நிற்கிறது. இது சரியாக அமையாத பெண் முதல் பருவத்தைத் தாண்டுவது கடினம். ஜமைக்காவில் 1978 முதல் பெண்கள் மையம் என்ற பெயரில் இளம் தாய்களுக்கான திட்டம் ஒன்று நடக்கிறது. கர்ப்ப காலத்திலும் அதன் பின்னும் பெண்களுக்கு அங்கே பாடம் நடக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பிறகு வழக்கமான பள்ளியில் சேர்த்து விடுகிறார்கள். இங்கிலாந்தில் 20 வயதுக்குள் படிப்பைத் தொடங்கும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகச் செலவை அரசு கொடுக்கிறது. பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு செய்த ஏற்பாடுகள் இவை. உன் பக்கத்தில் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் விசாரி. இல்லையென்றால் நீயே கட்ட வேண்டும்.

ஒரு தாளில் வாரத்தின் பள்ளி நாட்களைக் கட்டம் போடு. வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம் முதல் திரும்பி வந்து சேரும் நேரம் வரை எழுது; பயண நேரத்தையும் சேர்த்துக்கொள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் வர வேண்டும். "வீட்டில் யாராவது இருப்பார்கள்" என்பது பெயர் அல்ல. பிறகு ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டாவது பெயர்: அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அத்தை, அத்தை ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டாவது பெயர் இல்லாத கட்டங்களில்தான் நீ விடுப்பு எடுக்கப் போகிறாய். முன்னாலேயே தெரிந்தால், அந்த நாளில் என்ன பாடம் போகும் என்றாவது கணக்குப் போடலாம்.

குழந்தையின் தகப்பன் பக்கம் இந்தக் கட்டத்தில் எத்தனை மணி நேரம் வருகிறது? அவனும் மாணவன் என்றால், பெரும்பாலும் பள்ளிக்கு வழக்கம்போலப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். அவனிடம் யாரும் விடுப்புக் கடிதம் கேட்கவில்லை. உறவு சுமுகமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் அவனையும் அவன் வீட்டாரையும் மணிக்கணக்கில் கேள். பணம் மட்டும் தருகிறேன் என்றால் அதையும் மறுக்காதே. ஆனால் பணம் குழந்தையைத் தூக்கிக்கொள்ளாது.

பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடு. குழந்தையை மல்லாத்தித்தான் தூங்க வைக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பாலோ, மருத்துவர் சொன்ன கைக்குழந்தைகளுக்கான பால்மாவோ தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீரும்கூட. அழுகை நிற்காமல் பொறுமை போனால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் தள்ளி நிற்கலாம். எந்தக் காரணத்துக்கும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. உன் எண், பள்ளி எண், மருத்துவர் எண். பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் "எங்களுக்குத் தெரியாததா?" என்பார்கள். கொடு, பரவாயில்லை.

படி 5: பால்

பள்ளிக்குப் போவதால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தினமும் ஒருமுறை பீய்ச்சிப் பழகு. சுத்தமான கையால் பீய்ச்சலாம், பம்பும் பயன்படுத்தலாம். நீ இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 முதல் 45 மில்லி வைத்துக்கொள். 8 மணி நேரம் என்றால் 240 முதல் 360 மில்லி. 60 முதல் 120 மில்லி வரை சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, தேதி எழுதி வைத்தால் வீணாவது குறையும்.

பீய்ச்சிய பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். அதைவிட வெக்கையாக இருந்தால் உடனே குளிரில் வை. குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள், உறைநிலைப் பெட்டியில் 6 மாதம் வரை நல்ல நிலையில் இருக்கும். ஐஸ் கட்டி வைத்த மூடிய பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். குழந்தை வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்காதே, ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் போதும்.

பள்ளியில் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டியிருக்கும். பால் கட்டிக்கொண்டால் மார்பு கல்லாகும், சட்டை நனையும், பாடம் காதில் விழாது. அதையும் தாண்டிச் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அது மார்பகத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரைப் பார். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. பையில் உறிஞ்சும் பேட் இரண்டு, மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு துப்பட்டா எப்போதும் இருக்கட்டும். பழைய சீருடை நெஞ்சில் பிடிக்கும். முன்பக்கம் பட்டன் உள்ளதாகவும் ஓர் அளவு பெரிதாகவும் தைத்துக்கொள்.

பீய்ச்ச இடமே இல்லையென்றால்? காலை, மாலை, இரவு மட்டும் பால் கொடு, பகலில் பால்மா. ஒன்றிரண்டு வாரத்தில் சுரப்பு அதற்கேற்ப மாறிக்கொள்ளும். பால்மாவை டப்பாவில் சொன்ன அளவில்தான் கரைக்க வேண்டும். மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தையின் எடை நிற்கும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்காக உன்னை யாராவது குறை சொன்னால், பள்ளியில் ஒரு அறை ஏற்பாடு செய்து தரச் சொல் அவர்களை.

படி 6: பள்ளியோடு உட்கார்ந்து ஒரு பேச்சு

திரும்புவதற்கு ஒரு மாதம் முன் தலைமை ஆசிரியரையும் வகுப்பு ஆசிரியரையும் சந்தி. தனியாகப் போகாதே, பேசத் தெரிந்த ஒரு பெரியவர் கூட வரட்டும். கேட்க வேண்டியவை: பூட்டக்கூடிய ஒரு அறை, இடைவேளையில் 20 நிமிடம், அவசரத்துக்கு அலுவலகத்தில் தொலைபேசி அழைப்பு, சில மாதத்துக்கு ஓட்டப்பந்தயம் போன்ற கடும் உடற்பயிற்சியிலிருந்து விலக்கு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் வருகைப்பதிவு எப்படிக் கணக்காகும் என்பது. தடுப்பூசி நாட்கள் முன்பே தெரிந்தவை; பல நாடுகளில் 6, 10, 14ஆம் வாரங்களில் வரும், ஒரு வயதை ஒட்டியும் வரும். அட்டையைப் பார்த்துத் தேதிகளை அப்போதே கொடுத்துவிடு. "அடிக்கடி லீவு போடுகிறாள்" என்ற பேச்சு பாதி குறையும்.

அதே பள்ளிதான் வேண்டுமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். பழைய பள்ளியில் தோழிகள் உண்டு, வம்பும் உண்டு. புதிய பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரியவரும் நாளில் துணைக்கும் யாரும் இருக்க மாட்டார்கள். திறந்தநிலைப் பள்ளி, தனித்தேர்வர் வழிகளில் நேரம் உன் கையில் இருக்கும். ஆனால் வீட்டிலிருந்து படிக்கிறாள் என்றால் வீட்டு வேலை முழுவதும் உன் தலையில் விழும் ஆபத்தும் இருக்கிறது. கட்டம் போட்ட தாள் இதற்கும் தேவைப்படும்.

படி 7: விட்டுப்போன பாடம்

எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க முயலாதே. கணக்கு, மொழி இலக்கணம், இயற்பியல் போன்றவற்றில் முந்தைய பாடம் தெரியாமல் அடுத்தது புரியாது; அவற்றை வரிசை மாறாமல் ஈடுகட்ட வேண்டும். வரலாறு, உயிரியல் பாடங்களில் பலவற்றைத் தனித்தனியாகப் படிக்கலாம். அவை பின்னால் வரட்டும். விடுப்புக் காலத்திலேயே ஒரு தோழியிடம் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வாரம் ஒருமுறை அனுப்பச் சொல். படிக்காவிட்டாலும் சேமித்து வை.

படிக்கும் நேரம் இனி 20 நிமிடத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். எந்தத் துண்டில் எதைச் செய்வது என்று முதல் நாள் இரவே எழுதி வை. குழந்தை தூங்கியபின் யோசிக்க ஆரம்பித்தால் யோசனையிலேயே துண்டு தீர்ந்துவிடும். பால் கொடுக்கும்போது கேட்கப் பாடத்தை உன் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

படி 8: ஒத்திகையும் முதல் வாரமும்

பத்து நாள் முன்பே, பள்ளி நேரப்படி எழுந்து கிளம்பிப் பார். முதல் நாள் இரண்டு மணி நேரம் வெளியே, பிறகு அரை நாள், பிறகு முழு நாள். என்ன தவறும் என்பது அப்போது தெரியும்: குழந்தை பாட்டிலை வாங்காது, பஸ் பிடிக்க முடியாது, பால் எட்டரை மணிக்கே கட்டும். நீயே பாட்டில் கொடுத்தால் குழந்தை பெரும்பாலும் மறுக்கும். பார்த்துக்கொள்பவர் கொடுத்துப் பழக்கட்டும். முடிந்தால் வாரத்தின் நடுவில் பள்ளியைத் தொடங்கு, இரண்டு மூன்று நாளில் விடுமுறை வந்துவிடும்.

யாராவது கேட்பார்கள். ஒரே ஒரு பதிலை முன்பே தயார் செய்துகொள்: "ஆமாம், குழந்தை இருக்கு. நல்லா இருக்கு. இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்?" அதற்கு மேல் விளக்கம் தர நீ கடன்படவில்லை. படமெடுத்துப் பரப்பினால், செய்திக் குழுவில் எழுதினால், திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரிடம் கொடு. பதில் எழுதாதே. ஆசிரியரே குத்திப் பேசினால் தேதி, சொன்ன சொல், உடனிருந்தவர் பெயரைக் குறித்து வைத்து, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடு.

படி 9: மனசும் அடுத்த கர்ப்பமும்

பிரசவமான முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தில் தணியும். அதைத் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, நான் இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சிகிச்சை உள்ள நோய். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987ல் வந்த 10 கேள்விப் படிவம் ஒன்று உண்டு; சில நிமிடத்தில் முடியும். செவிலியரிடம் அதைக் கேள். சாக வேண்டும் போலவோ குழந்தைக்குத் தீங்கு செய்ய வேண்டும் போலவோ தோன்றினால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஒருவரிடம் சொல், தனியாக இருக்காதே.

கருத்தடை பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அதனால் இங்கே சொல்கிறேன். பால் கொடுக்காதவளுக்குப் பிரசவமான 4ஆம் வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், மாதவிலக்கு வருவதற்கு முன்பே. பால் கொடுப்பது பாதுகாப்பு தருவதற்கு மூன்று நிபந்தனை: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. நீ பள்ளிக்குப் போய்ப் பகலில் பால்மா கொடுத்தால் இரண்டாவது நிபந்தனை உடைந்துவிட்டது. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற முறைகள் உண்டு. 6ஆம் வாரப் பார்வையில் கேட்டு வாங்கிக்கொள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

இந்தப் பகுதியை அவளே உங்களிடம் காட்டியிருக்கலாம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கு ஈடாக, பள்ளி முடிந்து வந்ததும் வீட்டு வேலை முழுவதையும் அவளிடம் தராதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கு மேசையும் வெளிச்சமும் மட்டும் வேண்டும். இரவில் ஒருமுறையாவது வேறு யாராவது எழுந்து குழந்தையைத் தூக்குங்கள். "யார் செய்ததுக்கு யார் சுமக்கிறது" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள், குழந்தைக்கும் காது இருக்கிறது.

ஏற்பாடு உடைந்தால்

பெரும்பாலும் முதல் பருவத்தில் ஒருமுறை உடையும். பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போய்விடுவார், குழந்தைக்கு நிமோனியா வரும், நீ பத்து நாள் தொடர்ந்து போக முடியாது. பள்ளிக்கு அன்றே தகவல் சொல்; மௌனமாக மூன்று வாரம் போனால்தான் பெயரை எடுப்பார்கள். முழு நாள் முடியாவிட்டால் அரை நாள் கேள். வகுப்பு முடியாவிட்டால் தேர்வுப் பதிவையாவது தக்கவைத்துக்கொள். அந்த வருடமே போனால், அடுத்த சேர்க்கை தொடங்கும் தேதியைக் கேட்டு எழுதி வை. விடுப்புக் கடிதத்தின் நகல், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றுகள், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, நீ மட்டும் எடுக்கக்கூடிய இடத்தில் வை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பிவிடு.